போட்டோஷாப்பில் தமிழ் உடைகிறது: கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். நான் வடிவமைப்பு படித்தவள் இல்லை, பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். அப்பாவுக்கு அடுத்த மாதம் அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில் வைத்திருக்கிறோம். பத்திரிகையையும் மண்டப வாசலில் கட்டுகிற பேனரையும் நானே செய்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பாட்டி தவறியபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கடையில் அடித்து வாங்கினோம். பாட்டி பெயர் 'பொ' என்று தொடங்கும். போஸ்டரில் 'ப' மட்டும் முதலில் நிற்க, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் ஒன்றாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. விடிந்து பார்த்தால் தெரு முழுக்க ஒட்டியாகிவிட்டது. அப்பா யாரிடமும் சத்தம் போடவில்லை. பட்டையான மார்க்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு போஸ்டராகப் பாட்டியின் பெயரைத் திருத்திவிட்டு வந்தார். அவருடைய பத்திரிகையில் அந்த மாதிரி நடக்கவே கூடாது.

இப்போது எனக்கும் அதேதான் நடக்கிறது. வேர்டில் தட்டினால் எல்லாம் சரியாக இருக்கிறது, அதை அப்படியே எடுத்துப் போட்டோஷாப்பில் ஒட்டினால் (2018 பதிப்பு) 'திருக்கடையூர்' என்பதில் இணைக்கொம்பு 'ட'வுக்குப் பின்னால் போய் உட்காருகிறது, மற்ற சொற்களில் 'கு' கூடச் சேராமல் 'க' தனி, கீழே வர வேண்டிய வளைவு தனி என்று நிற்கிறது. லதா, விஜயா, நோட்டோ என்று பன்னிரண்டு எழுத்துரு மாற்றிப் பார்த்துவிட்டேன், ஒவ்வொன்றிலும் இதே கதை. தெரிந்தவர் ஒருவர் பாமினி என்ற பழைய எழுத்துருவைப் போட்டால் உடையாது என்றார், அதை இறக்கி நிறுவினால் என்னுடைய தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பதெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது.

எந்த எழுத்துரு போட்டால் சரியாகும்? இன்னொன்று, இரண்டு வரி சேர்ந்து வந்தால் கீழ்வரிப் புள்ளி மேல்வரி எழுத்தின் காலில் இடிக்கிறது. பேனரில் அப்பா அம்மா பெயரைத் தடிமனாகப் போட்டால் எழுத்தின் உள்ளே இருக்கிற ஓட்டையெல்லாம் அடைத்துக்கொள்கிறது. இதற்கும் வழி சொன்னால் நன்றாக இருக்கும்.

நெல்லைத்தூரிகை எழுதியது:

டீச்சர், முதலில் எழுத்துரு மாற்றுவதை நிறுத்துங்கள். நீங்கள் போட்ட பன்னிரண்டிலும் தவறு இல்லை, வேர்டில் அதே லதா ஒழுங்காக வருகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள் அல்லவா, அங்கேயே விடை இருக்கிறது.

எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் தமிழை நாம் சொல்கிற வரிசையில்தான் சேமிக்கிறார்கள். 'டை' என்றால் முதலில் 'ட', அடுத்து ஐகாரக் குறி. 'பொ' என்றால் முதலில் 'ப', அடுத்து ஒகரக் குறி. கண்ணுக்குத் தெரிகிற வரிசை வேறு, அதில் கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் போக வேண்டும், 'க'வும் உகரக் குறியும் சேர்ந்து 'கு' என்று ஒரே வடிவமாக மாற வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்வது மென்பொருளுக்குள் இருக்கிற எழுத்து எந்திரம். எந்த வடிவம் எந்த வடிவத்தோடு சேரும் என்ற விதிகள் எழுத்துருவுக்குள் இருக்கும், ஆனால் அந்த விதிகளை எடுத்துப் படிக்க எந்திரம் வேண்டும். வேர்டு படிக்கிறது. போட்டோஷாப் அந்த எந்திரத்தை வைத்துக்கொண்டே அணைத்து வைத்திருக்கிறது, ஆங்கிலத்துக்கும் சீன ஜப்பானிய எழுத்துக்குமான எந்திரத்தை ஓட்டுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

எடிட் மெனுவில் கடைசியில் பிரிஃபரன்சஸ், அதற்குள் டைப் என்ற பக்கம். அங்கே டெக்ஸ்ட் எஞ்சின் ஆப்ஷன்ஸ் என்று ஒரு தேர்வு இருக்கும். உங்கள் பதிப்பைப் பொறுத்து 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்றோ 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்றோ இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போட்டோஷாப்பை மூடித் திறங்கள். மூடாமல் பார்த்தால் மாறியிருக்காது, பலபேர் இங்கேதான் 'செய்து பார்த்தேன், வரவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். 2022 பதிப்பிலிருந்து எல்லா மொழிக்கும் ஒரே எந்திரம் என்று ஆக்கிவிட்டார்கள், அதில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், எழுத்து கெடுவதைப் பார்த்தே நோய் எது என்று சொல்லிவிடலாம். வெறும் கட்டமாக வந்தால் அந்த எழுத்துருவில் யூனிகோடு தமிழே இல்லை என்று பொருள், உங்கள் பாமினி விஷயம் அதுதான். கொம்பும் காலும் வந்து இடம் மட்டும் மாறியிருந்தால் எந்திரம் அணைந்திருக்கிறது. கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் வந்தால் எந்திரம் ஓடுகிறது, நாம் அடித்த வரிசைதான் தவறு, தட்டச்சுப் பழக்கத்தில் கொம்பை முதலில் அடிப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வந்தால் அது பழைய எழுத்துருவில் தட்டிய உரை.

தடிமனுக்கு: எழுத்துப் பலகையில் 'டி' என்று சாய்ந்தும் தடித்தும் இரண்டு பொத்தான் இருக்கிறதே, அந்தத் தடித்த பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். அது ஃபோ போல்டு, போலித் தடிமன். எழுத்தின் ஓரத்தைச் சுற்றிலும் ஊதிப் பெரிதாக்குகிறது, அதனால் 'ண', 'ஞ', 'ஜ' எல்லாம் உள்ளே அடைத்துக்கொள்ளும், புள்ளி சின்ன வளையமாக இருக்கிற எழுத்துருவில் வளையம் பொட்டாகிவிடும். உண்மையான தடிமன் வரைந்து வைத்திருக்கிற எழுத்துரு எடுங்கள். முக்த மலர், கேட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ், அனெக் தமிழ் எல்லாவற்றிலும் மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை தனித்தனியாக வரைந்திருக்கிறார்கள். பலூன் மாதிரி உருண்டையாக, விழாக்கோலமாக வேண்டுமானால் பலூ தம்பி. எல்லாமே திறந்த உரிமத்தில் இலவசம், அச்சுக்கும் பயன்படுத்தலாம். போலித் தடிமன் போட்ட எழுத்தைப் போட்டோஷாப் வளைக்கவும் விடாது, வார்ப் கொடுத்தால் முடியாது என்று சொல்லிவிடும்.

வைகைக்கரை எழுதியது:

மூடித் திறந்து புதிதாகத் 'திருக்கடையூர்' என்று அடித்தேன், அப்படியே வந்தது. பத்து நாளாக இதோடு போராடிக்கொண்டிருந்தேன், மிக்க நன்றி.

ஆனால் ஏற்கெனவே அடித்து வைத்திருந்த அடுக்குகள் (லேயர்கள்) எல்லாம் உடைந்தபடியே இருக்கின்றன. மொத்தம் இருபது அடுக்கு. எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டுமா? அப்புறம், தாய்மாமா உறவினர் பெயர்ப் பட்டியலை ஒரு கோப்பாக அனுப்பியிருக்கிறார், திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்து. நீங்கள் சொன்ன கடைசி நோய் இதுதான் என்று நினைக்கிறேன்.

நெல்லைத்தூரிகை எழுதியது:

வேண்டாம். பழைய அடுக்கு ஒவ்வொன்றும் எந்த ஏற்பாட்டில் அடித்ததோ அதைத் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கும். இருபதையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பலகையின் மூலையில் இருக்கிற சின்ன மெனுவைத் திறந்தால் 'வேர்ல்ட்-ரெடி' என்று தொடங்குகிற ஏற்பாடு ஒன்று இருக்கும், அதைக் கொடுங்கள். அதற்கும் மசியாத அடுக்கு ஒன்றிரண்டு இருந்தால் அதை மட்டும் அழித்து அடித்துவிடுங்கள்.

மாமா பட்டியலை எந்த எழுத்துருவில் தட்டினார் என்று அவரையே கேட்டுவிடுங்கள். அது தெரிந்தால் மாற்றித்தரும் கருவிகள் நிறைய இருக்கின்றன, என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி. மாற்றிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிவிடாதீர்கள். காலுக்குப் பதில் 'ர' போட்டுத் தட்டுவது அந்தக் காலத்தில் சாதாரணம், இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்குமே. 'கௌ' என்பதைக் கொம்பு, 'க', 'ள' என்று மூன்றாகத் தட்டியிருப்பார்கள், மாற்றினால் 'கெள' என்று நிற்கும், கண்ணுக்குத் தப்பிவிடும். கௌரி, சௌந்தரம் என்று யாராவது பட்டியலில் இருந்தால் அவர்களை முதலில் பாருங்கள்.

வலிகாமம் எழுதியது:

வணக்கம் டீச்சர். நான் யாழ்ப்பாணம், இப்போது இருப்பது வேறு நாட்டில். எங்கட பக்கத்தில் பாமினிதான் இருபது முப்பது வருசமாகக் கோலோச்சியது, பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீசு, மரண அறிவித்தல் எல்லாம் அதில்தான். அதனால் அதைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஏன் உங்களிடம் கட்டம் வந்தது என்று விளங்கும். பாமினியில் 'தமிழ்' என்று தட்டினால் கணினிக்குள் போய் இருப்பது ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ்ப் படம் வரைந்து ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எழுத்துருவை மாற்றிய கணமே தமிழ் போய்விடும். நீங்கள் தமிழ்99இல் தட்டுவது உண்மையான தமிழ்க் குறியீடு, அதற்குப் பாமினிக்குள் படம் இல்லை.

நான் சொல்ல வந்தது இன்னொரு வழி. போட்டோஷாப் கட்டாயம் இல்லை என்றால் கிம்ப் எடுங்கள், இலவசம். அதில் எழுத்தை அடுக்குகிற வேலையை பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற இரண்டு திறந்த நிரல்கள் செய்கின்றன, தமிழுக்கு எந்தப் பொத்தானையும் தேட வேண்டியதில்லை, நிறுவிய உடனேயே 'கொ', 'ஸ்ரீ', 'க்ஷ' எல்லாம் வடிவாக வரும். நான் எங்கள் ஊர் வாசிகசாலைக்கு வருசா வருசம் செய்கிற சுவரொட்டி எல்லாம் இதில்தான்.

அதில் புதிதாக வருகிறவர்களைக் குழப்புகிற ஓர் இடம் இருக்கிறது, அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கிம்பில் எழுத்தை அமைக்க இரண்டு இடம் உண்டு. இடப்பக்கம் கருவியின் அமைப்புப் பெட்டி ஒன்று, எழுத்துக்கு மேலேயே மிதக்கிற சின்னப் பட்டை இன்னொன்று. பெட்டியில் கொடுப்பது அந்த அடுக்கு முழுமைக்கும் போகும். பட்டையில் கொடுப்பது தேர்ந்தெடுத்த சொல்லுக்கு மட்டும் போகும், அப்படிக் கொடுத்த சொல் பிறகு பெட்டி சொல்வதைக் கேட்காது. எழுத்துருவை மாற்றினேன், இரண்டு சொல் மட்டும் மாறவில்லை என்று வந்து நிற்பார்கள், காரணம் இதுதான். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்துப் பட்டையில் இருக்கிற துடைக்கிற பொத்தானை அழுத்தினால் பழையபடி பெட்டிக்குக் கட்டுப்படும். என் பழக்கம் என்னவென்றால் பட்டையைத் தொடுவதே இல்லை. பெயர் ஓர் அடுக்கு, நாள் ஓர் அடுக்கு, இடம் ஓர் அடுக்கு என்று பிரித்து வைத்துக்கொள்வேன், பிறகு திருத்துவதும் நகர்த்துவதும் லேசு.

எழுத்தைப் பெரிதாக்க அளவு எண்ணைக் கூட்டுங்கள், இழுத்துப் பெரிதாக்கக் கூடாது. 2.10 பதிப்பில் எழுத்து அடுக்கை இழுத்தாலோ சாய்த்தாலோ அது வெறும் படமாகிவிடும், மீண்டும் உள்ளே போய் ஓர் எழுத்தைத் திருத்தினால் நீங்கள் செய்த சாய்வெல்லாம் போய்விடும். 2025இல் வந்த 3.0இல் எழுத்தைச் சுற்றிக் கோடு போடுவதும் நிழல் போடுவதும் எழுத்து எழுத்தாகவே இருக்கும்போது செய்யலாம், அதற்காகவே புதியதை எடுங்கள் என்பேன்.

போட்டோஷாப்பிலேயே இருக்க விரும்பி, எந்திரம் மாற்ற இடமில்லாத மிகப் பழைய பதிப்பு யாரிடமாவது இருந்தால், இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் எழுத்தை அடித்து, அதைக் கோட்டுருவமாக மாற்றி, பி.டி.எஃப் ஆக்கிப் போட்டோஷாப்பில் பிளேஸ் கொடுத்துக் கொண்டுவரலாம். திருத்தம் வந்தால் திரும்ப இங்க்ஸ்கேப்புக்குப் போக வேண்டியிருக்கும், ஆனால் எழுத்து உடையாது.

ஈயஎழுத்து எழுதியது:

மகளே, நான் அச்சுக்கோப்பு வேலையில் தொடங்கியவன், பிறகு ஆஃப்செட், பிறகு கணினி. உன் அப்பா மார்க்கர் எடுத்துக்கொண்டு போனதைப் படித்துவிட்டு இரண்டு நாளாக மனசில் அதுவே நிற்கிறது. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கையால் ஈய எழுத்துக் கோக்கும்போது 'கொ' வேண்டுமானால் பெட்டியில் கொம்பை முதலில் எடுப்போம், அடுத்து 'க', அடுத்து கால். கண்ணுக்கு என்ன வரிசையோ கைக்கும் அதே வரிசை. தமிழ்த் தட்டச்சுப் பொறியும் அப்படியே, கொம்பு முதலில். பாமினி மாதிரி எழுத்துருக்கள் அந்தத் தட்டச்சுக்காரர்களின் கைப்பழக்கத்தை அப்படியே கணினிக்குக் கொண்டுவந்தன, அதனால்தான் எந்த எந்திரமும் இல்லாத மென்பொருளிலும் அவை உடையவில்லை. அச்சகத்துக்காரர்கள் இன்றுவரை அவற்றை விடாததற்கு இதுதான் காரணம், சோம்பல் என்று சொல்லிவிடக் கூடாது. தமிழக அரசே 2010இல் யூனிகோடை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்துவிட்டு, யூனிகோடு சரிவராத இடத்துக்கு டேஸ்16 என்று ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் கொடுத்த குறியீட்டை அறிவித்தது என்றால் அச்சுத் தொழிலில் இந்தத் தொல்லை எவ்வளவு பெரிதாக இருந்தது என்று பார். ஆனால் நீ புதிதாகத் தொடங்குகிறாய், எந்திரமும் ஓடுகிறது, யூனிகோடிலேயே இரு.

இனி அமைப்பு. வரி இடிப்பதற்குக் காரணம், போட்டோஷாப் தானாக விடுகிற வரி இடைவெளி எழுத்தளவில் 120 சதவீதம். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் மேலே புள்ளியும் 'கீ', 'தீ' என்பதன் சுழியும் ஏறுகின்றன, கீழே 'மூ', 'ழு', 'ஞ' எல்லாம் இறங்குகின்றன, ஒரே வரியில் இரண்டும் உண்டு. 20 புள்ளி எழுத்துக்கு 28லிருந்து 30 வரை வரி இடைவெளி கொடு, கண் தானாக ஆறும். தலைப்பு இரண்டு வரியாக இருந்து, மேல்வரியில் இறங்குகிற எழுத்தே இல்லை என்றால் கொஞ்சம் நெருக்கலாம், அதை எண்ணால் முடிவு செய்யாதே, அந்த இரண்டு வரியைப் பார்த்து முடிவு செய்.

எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு அகலமாக்குவது ஆங்கிலத்தில் அழகு. அதைப் பார்த்துத் தமிழுக்கும் டிராக்கிங் நூறு இருநூறு என்று ஏற்றிவிடுகிறார்கள். சில மென்பொருளில் கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவிலேயே இடம் விழுந்துவிடும், காலும் விலகிப்போகும். விலகிய கால் அடுத்த எழுத்தோடு சேர்ந்து 'ர' மாதிரி படிக்கப்படும். பெயரில் இதைச் செய்யவே செய்யாதே. அகலம் வேண்டுமானால் எழுத்தைப் பெரிதாக்கு, இல்லாவிட்டால் அகலமாக வரைந்த எழுத்துருவை எடு, மேலே ஒருவர் சொன்ன அனெக் தமிழில் அகலத்துக்கென்றே வகைகள் இருக்கின்றன.

சுற்றிலும் கோடு போடும்போது ஸ்ட்ரோக்கை வெளிப்பக்கமாக வை. உள்பக்கம் வைத்தால் மெல்லிய இடங்களைத் தின்றுவிடும். வெளியே வைத்தாலும் அளவு மீறினால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு 'ன்' என்பது 'ன' ஆகிவிடும். பேனரில் நான் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். படத்தை ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கித் திரையில் பார், ஒவ்வொரு புள்ளியும் தனியாகத் தெரிகிறதா என்று எண்ணு.

தலைப்பை வில் மாதிரி வளைக்க ஆசைப்படுவாய், எல்லாரும் ஆசைப்படுவார்கள். வளைந்த கோட்டின் மேல் எழுத்தை ஓடவிட்டால் ஒவ்வொரு வடிவமும் தனித்தனியாகச் சாயும், கொம்பு ஒரு கோணம், 'க' ஒரு கோணம், கால் ஒரு கோணம், வளைவு அதிகமானால் மேற்பக்கம் விரிந்துவிடும். அதற்குப் பதிலாக வார்ப்பில் ஆர்க் கொடுத்தால் முழுச் சொல்லும் ஒரே தகடு மாதிரி வளையும், சேர்ந்தது பிரியாது. மெல்லிய வளைவாக வை.

பத்திரிகையின் உள்ளடக்கத்தை இரண்டு ஓரமும் இழுத்து நேராக்காதே. நம் சொற்கள் நீளம், ஒரு வரியில் மூன்று சொல்தான் விழும், அதை இழுத்தால் நடுவில் ஆறு ஓடுகிற மாதிரி வெள்ளை விழுகிறது. நடுவில் நிறுத்து, எந்தச் சொல்லில் வரி முறிய வேண்டும் என்று நீயே முறி. ஒரு ஆளுடைய தலைப்பெழுத்து ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலும் விழாமல் பார்த்துக்கொள்.

பேனர்வேலை எழுதியது:

மேலே எல்லாம் நன்றாகச் சொல்லிவிட்டார்கள், நான் அளவு பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எங்களிடம் வருகிற பாதிக் கோப்பு இதில்தான் மாட்டுகிறது. பேனர் எத்தனை அடி? பத்துக்கு ஆறு என்று வைத்துக்கொள்வோம். பத்திரிகைக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்று படித்துவிட்டுப் பேனருக்கும் அதையே போட்டால் 120 அங்குலம் பெருக்கல் 300, அகலம் மட்டும் 36,000 புள்ளி. போட்டோஷாப்பின் பி.எஸ்.டி கோப்பு அகலத்திலோ உயரத்திலோ 30,000 புள்ளிக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. மொத்தம் ஏறக்குறைய 78 கோடிப் புள்ளி, உங்கள் கணினி நகராது. பத்தடி பேனரைப் பக்கத்தில் நின்று யாரும் படிப்பதில்லை, 72 டிபிஐயில் செய்யுங்கள், 8,640க்கு 5,184, அதுவே போதும். பத்திரிகை கைக்குள் வைத்துப் படிப்பது, அதற்கு மட்டும் 300 வேண்டும்.

பத்திரிகை ஆஃப்செட்டில் அடிப்பதாக இருந்தால் கறுப்பு எழுத்தைக் கவனியுங்கள். திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் கறுப்பாக இருப்பதை அப்படியே அச்சுக்கான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றினால் போட்டோஷாப்பின் வழக்கமான அமைப்பில் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நான்கு மையும் சேர்ந்து வரும். நான்கு தகடும் ஒரு மயிரிழை விலகினாலும் சின்ன எழுத்தைச் சுற்றிக் கலர் பிசிறு அடிக்கும். சின்ன எழுத்துக்கெல்லாம் கறுப்பு 100, மற்றது சுழியம் என்று கொடுத்துவிடுங்கள்.

கடைக்குக் கோப்பு அனுப்பும்போது இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று எழுத்து எழுத்தாகவே இருக்கிற மூலக் கோப்பு, அது உங்கள் கணினியை விட்டு வெளியே போக வேண்டாம். இன்னொரு பிரதியில் எல்லா எழுத்து அடுக்கையும் தேர்ந்தெடுத்து டைப் மெனுவில் கன்வர்ட் டு ஷேப் கொடுத்து, பி.டி.எஃப் ஆக அனுப்புங்கள். கடைக்காரரிடம் உங்கள் எழுத்துரு இருக்காது, அவர் போட்டோஷாப்பில் எந்திரம் அணைந்திருக்கும், எழுத்தாகவே கொடுத்தால் அவர் ஒரு காற்புள்ளியைத் திருத்தத் தொட்டாலும் அந்த அடுக்கு முழுக்க உடையும். உங்கள் பாட்டி போஸ்டரிலும் இதுதான் நடந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. வடிவமாக மாற்றிவிட்டால் கெடுவதற்கு அதில் எழுத்தே இல்லை.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும். ஜேபெக் வகையே படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டமாகப் பிரித்துச் சுருக்குகிறது, எழுத்தின் கூர்மையான ஓரத்தில் அழுக்குப் படிந்த மாதிரி வருவது அதனால்தான், சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து என்றால் இன்னும் மோசம். டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். உறவினர்களுக்கு அனுப்புகிற படத்தை மட்டும் பிஎன்ஜியாக எடுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து ஒவ்வொன்றாகச் செய்தேன். இருபது அடுக்கில் பதினெட்டு மாறிவிட்டது, இரண்டை அழித்து அடித்தேன். மாமா பட்டியலில் கௌரி என்று இரண்டு பேர் இருந்தார்கள், இரண்டு பேருமே 'கெளரி'யாக இருந்தார்கள், சொல்லாவிட்டால் கண்டுபிடித்திருக்க மாட்டேன். பெயருக்கு முக்த மலரில் மிகத் தடித்தது, உள்ளே இருக்கிற விவரத்துக்கு நோட்டோ செரிஃப், 14 புள்ளிக்கு 21 வரி இடைவெளி. ஸ்ட்ரோக்கைக் குறைத்துக் குறைத்து ஐந்தில் ஒரு பங்காகப் பார்த்தேன் ஐயா, எல்லாப் புள்ளியும் தெரிகிறது.

ஒன்றே ஒன்று மிச்சம். பத்திரிகையின் உச்சியில் ஸ்ரீ போட்டால் அலங்காரமான ஓர் எழுத்துருவில் மட்டும் 'ஸ்' தனியாக, 'ரீ' தனியாக வருகிறது. மற்ற எழுத்துருவில் சேர்ந்தே வருகிறது. எந்திரம் ஓடுகிறதே, பிறகு ஏன்?

நெல்லைத்தூரிகை எழுதியது:

இந்த ஓர் இடத்தில் எழுத்துருதான் காரணம். ஸ், ரீ இரண்டும் சேர்ந்தால் இந்த வடிவம் என்ற விதியை அந்த எழுத்துருவை வரைந்தவர் சேர்க்கவில்லை, அல்லது 'ஶ' என்ற எழுத்தோடு வந்தால் மட்டும் சேர்த்திருப்பார். அந்த எழுத்து யூனிகோடில் 2005இல்தான் வந்தது, அதற்கு முன்னும் பின்னும் அடித்த ஸ்ரீ இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டிருக்கும், பார்க்க ஒன்றுதான். 'ஶ', புள்ளி, 'ரீ' என்று அடித்துப் பாருங்கள். வரவில்லை என்றால் அந்த ஓர் எழுத்தைத் தனி அடுக்காக வைத்து நோட்டோ செரிஃபில் போட்டுவிடுங்கள், உச்சியில் தனியாகத்தானே நிற்கப் போகிறது, வித்தியாசம் தெரியாது.

வைகைக்கரை எழுதியது:

'ஶ' போட்டதும் சேர்ந்துவிட்டது. பி.டி.எஃப் எடுத்துவிட்டேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் வீட்டுப் பிரிண்டரில் ஒரு தாள் எடுத்து அப்பா கையில் கொடுத்திருக்கிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருக்கிறார்.